சங்கேதப் பூட்டைத் திறந்த பேரறிஞர் அல்-கிந்தி

இஸ்லாமியச் சரித்திரம் படிக்கும் நம் பிள்ளைகள் கலீபாக்களின் பெயர்களையும் யுத்தங்களின் ஆண்டுகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு தாளையும் மைக்கூட்டையும் வைத்துக்கொண்டு உலகத்தின் போக்கையே மாற்றிய அறிஞர்களைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். அவ்வறிஞர்களுள் தலைசிறந்த ஒருவரே அபூ யூசுப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி அவர்கள். அரபிகளின் தத்துவ ஞானி என்று கிழக்கு நாடுகளும், அல்கின்டஸ் என்று ஐரோப்பிய நாடுகளும் அழைத்துப் போற்றிய பெரியார் அவர்.

இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி வழியாகப் பணம் போகிறது, வருகிறது. ஊரிலுள்ள தாய்க்கு மகன் எழுதும் கடிதம் ஒரு நொடியில் கடல் தாண்டிப் போகிறது. இவை இடையிலுள்ளவர் எவர் கண்ணிலும் படாமல் சென்று சேர்வதற்குக் காரணம் சங்கேத எழுத்துக் கலை. அக்கலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எந்த மதத்தவராயினும், எந்த நாட்டவராயினும், 1,100 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்று பக்தாது நகரத்து அல்-கிந்தியைக் கண்டே வர வேண்டியிருக்கிறது. அன்னாரின் வாழ்வையும், அவர் கண்ட வழியையும், அதில் நமக்குள்ள படிப்பினையையும் இயன்ற அளவில் இங்கே எடுத்துக் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

அல்-கிந்தி சுமார் கி.பி. 801ஆம் ஆண்டில், ஈராக்கிலுள்ள கூபா நகரத்தில் பிறந்தார். கிந்தா என்பது தென் அரேபியாவிலிருந்து வந்த அரச பரம்பரை பெற்ற கோத்திரம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்ட அஷ்அத் இப்னு கைஸ் அவர்களின் வழித்தோன்றல்களில் ஒருவர் அல்-கிந்தி. தந்தை இஸ்ஹாக் கூபாவின் கவர்னராக இருந்தவர். மகன் சிறு வயதினராயிருக்கும்போதே தந்தை காலமானார். செல்வக் குடும்பத்துப் பிள்ளை, தந்தையின் கண்டிப்பும் இல்லை. வேறொருவராயிருந்தால் கேளிக்கையில் காலத்தைக் கழித்திருப்பார். அவரோ கல்வியைத் தேடிக் கூபாவிலும், பின்னர் பக்தாதிலும் நாட்களைச் செலவிட்டார்.

அன்றைய பக்தாது எத்தகைய நகரம்! கலீபா மஃமூன் 813 முதல் 833 வரை ஆட்சி செய்த காலம் அது. பைத்துல் ஹிக்மா என்னும் ஞான இல்லத்தில் கிரேக்க, ஸிரியாக், பாரசீக, இந்தியக் கிதாபுகள் அரபியில் பெயர்க்கப்பட்டு வந்தன. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பிறரும் ஒரே கூரையின் கீழ் எழுதிக்கொண்டிருந்தனர். அல்-கிந்தி அக்கூட்டத்தில் ஒருவரானார். மொழிபெயர்ப்பாளரிடம் வேலையை ஒப்படைத்து, வந்த பெயர்ப்பைத் திருத்திச் செம்மைப்படுத்துவது அவருடைய பெரும்பணியாக இருந்தது. சத்தியம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும், தொலைதூரத்து அந்நிய சமூகத்தாரிடமிருந்து வந்தாலும், அதை ஏற்றுக்கொள்ள வெட்கப்படலாகாது என்பது அவருடைய உறுதியான கொள்கை.

மஃமூனுக்குப் பின் வந்த கலீபா முஃதஸிம், அல்-கிந்தியைத் தம் மகன் அஹ்மதுக்கு ஆசிரியராக நியமித்தார். முதல் தத்துவம் என்னும் தம் நூலை அவர் அக்கலீபாவுக்கே சமர்ப்பித்தார். அவர் எழுதியவை 250க்கும் மேற்பட்டவை என்பது இப்னு நதீம் என்பார் தொகுத்த பட்டியலிலிருந்து தெரிகிறது. வைத்தியம், ஒளி, சங்கீதம், கடலின் ஏற்ற வற்றம், வாள் செய்யும் இரும்பு, அத்தர் வடிக்கும் முறை என்று அவர் கை வைக்காத துறை இல்லை. இந்திய எண்களைக் கையாளும் முறை பற்றி நான்கு பாகங்களில் எழுதினார். ஈயத்தையும் செம்பையும் பொன்னாக்கித் தருகிறோமென்று ஊரை ஏமாற்றியவர்களின் சூழ்ச்சியைக் கண்டித்தும் எழுதினார். ஜனங்கள் தம் பொருளை ஏமாந்து இழக்கலாகாது என்ற கவலை அவருக்கிருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

சங்கேத எழுத்து என்பது யாது?

இத்தனை நூல்களிடையே சிறியதொரு நூல், முஅம்மாவை வெளிக்கொணர்தல் என்னும் பொருளுடையது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு முஅம்மா என்ற சொல் புதிதன்று. குருட்டுத்தனம் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட எழுத்து என்று கொள்ளலாம்.

கடைக்காரராகிய நமக்கு இதை விளக்குவது கடினமன்று. சரக்கின் அடக்க விலையை வாங்க வருபவர் அறியாதபடி சீட்டில் எழுத்தால் குறித்து வைப்பது வியாபாரிகளின் பழைய வழக்கம். பத்து எழுத்துகளை எடுத்துக்கொண்டு க, ச, ட, த, ப, ற, ய, ர, ல, வ என்று வரிசைப்படுத்தி, 1 முதல் 9 வரைக்கும் 0க்கும் ஒவ்வோர் எழுத்தாகக் கொடுத்தால், 12 வெள்ளி 50 காசு என்பது கசபவ என்றாகும். கடைச் சிப்பந்திக்கு விளங்கும். வாங்க வருபவருக்கு விளங்காது. இதில் இரண்டு விஷயங்கள் உள்ளன. எண்ணுக்குப் பதில் எழுத்தை எழுதுவது என்பது முறை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது சாவி. முறையைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால், பூட்டு ஊரறிந்தது, சாவிதான் நம்முடையது.

இப்பூட்டு உறுதியானதா? கூர்மையுள்ள வாடிக்கையாளர் ஒருவர் இருபது முப்பது சீட்டுகளைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் பெரும்பாலும் 0இலும் 5இலும் முடியும். சீட்டுகளின் கடைசியில் வ, ப என்ற இரண்டு எழுத்துகளே மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டதும், இவை சைபரும் ஐந்துமே என்று அவர் முடிவு செய்துவிடுவார். சாவியை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. நம் வழக்கமே நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அல்-கிந்தி கண்ட உண்மை இதுவே.

எண்ணிப் பார்த்த அறிஞர்

அவருக்கு முன்னும் இத்துறையில் முயன்றவர்கள் உண்டு. அரபு இலக்கணத்துக்கும் யாப்புக்கும் வழிகாட்டியான கலீல் இப்னு அஹ்மது அவர்கள், கிரேக்க அரசனிடமிருந்து வந்த சங்கேதக் கடிதமொன்றை, அது இறைவனின் பெயரால்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து விடுவித்ததாகக் கூறுவர். அது மேதையின் ஊகம். எல்லாரும் பின்பற்றக் கூடிய வழியாக அதை ஆக்கித் தந்தவர் அல்-கிந்தி.

அவர் சொன்ன வழி இது. சங்கேதக் கடிதம் எந்த மொழியிலுள்ளது என்று தெரிந்தால், அதே மொழியில் சாதாரணமாக எழுதிய நீண்ட வாசகம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, மிகுதியாக வருவதை முதலாவது, அடுத்ததை இரண்டாவது என்று வரிசைப்படுத்த வேண்டும். பிறகு சங்கேதக் கடிதத்திலுள்ள குறிகளையும் அவ்வாறே எண்ணி வரிசைப்படுத்த வேண்டும். மிகுதியாக வரும் குறிக்கு மிகுதியாக வரும் எழுத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இவ்வாறே வரிசையாகச் செல்ல வேண்டும்.

சொன்னதோடு நில்லாமல் அவரே உட்கார்ந்து எண்ணினார். 3,667 எழுத்துகள் கொண்ட அரபு வாசகத்தில் அலிபு 600 முறையும், லாம் 437 முறையும், மீம் 320 முறையும் வந்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார். ஆறு எழுத்துக்கு ஏறக்குறைய ஒன்று அலிபு! குர்ஆனை எழுத்துக் கூட்டி ஓதப் பழகிய நாட்களில் நாமெல்லாம் அலிபையும் லாமையும் எத்தனை ஆயிரம் முறை விரலால் தொட்டிருப்போம். ஆனால் அதை எண்ணிப் பார்க்க வேண்டுமென்று நமக்குத் தோன்றவில்லை. கண்முன் கிடப்பதை எண்ணிப் பார்க்கத் துணிந்தவரே பேரறிஞரானார்.

எண்ணிக்கை ஒன்றே போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அரபியில் சில எழுத்துகள் அடுத்தடுத்து வரும். சில எழுத்துகள் ஒரே சொல்லில் சேரவே மாட்டா. அந்த இலக்கணத்தையும் துணைக்கு அழைத்தார். கடிதங்கள் வழக்கமாகத் தொடங்கும் வாசகத்தையும் துணையாகக் கொண்டார். ஆகவே, கணிதமும் இலக்கணமும் நாட்டு வழக்கமும் ஆகிய மூன்றும் கூடிப் பூட்டைத் திறந்தன. கடிதம் சிறியதானால் எண்ணிக்கை தவறு செய்யும் என்றும் எச்சரித்தார். முழுச் சாக்கின் தரத்தை நாலைந்து அரிசியைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா?

இந்த வழியின் வலிமை எவ்வளவென்று பிற்காலம் காட்டிற்று. ஒரு எழுத்துக்கு ஒரு குறி என்று எழுதிய கடிதங்களை நம்பி இருந்தவர்கள் ஒவ்வொருவராக அகப்பட்டனர். ஸ்காட்லாந்து அரசி மேரி சிறையிலிருந்து அனுப்பிய இரகசியக் கடிதங்களின் சங்கேதம் 1586ல் உடைக்கப்பட்டது. அக்கடிதங்களே சாட்சியாகி, 1587ல் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. பலமற்ற பூட்டு, பூட்டே இல்லாததை விட ஆபத்தானது. ஏனெனில் அதை நம்பி நாம் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறோம்.

இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். வெறுமை என்னும் பொருளுள்ள ஸிப்ர் என்ற அரபுச் சொல்லே ஐரோப்பா சென்று சைபர் ஆயிற்று. பூஜ்யத்துக்கும் அதே பெயர், சங்கேத எழுத்துக்கும் அதே பெயர். நாம் சைபர் என்று சொல்லும்போதெல்லாம் ஓர் அரபுச் சொல்லைச் சொல்கிறோம். பத்திரிகைகளில் வரும் சைபர் குற்றம் என்பதிலுள்ள சைபர் மட்டும் வேறு. அது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

நூலகம் பறிபோன வரலாறு

அல்-கிந்தியின் வாழ்வில் துன்பம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 847ல் முதவக்கில் கலீபாவானார். முந்திய கலீபாக்களின் அரண்மனையில் செல்வாக்குடன் இருந்தவர்கள் பலருக்கு அது சோதனைக் காலமாயிற்று. அப்போது அரண்மனையில் மதிப்புடன் இருந்தவர்கள் பனூ மூஸா எனப்படும் சகோதரர்கள். அவர்களும் சாமானியர் அல்லர். கணிதத்திலும் இயந்திரக் கலையிலும் பெயர் பெற்றவர்கள். ஆனால் கல்வி இருந்த இடத்தில் பொறாமையும் குடிபுகுந்தது. முஹம்மது, அஹ்மது என்ற அவ்விரு சகோதரர்களும் அல்-கிந்தியைப் பற்றிக் கலீபாவிடம் கோள் சொன்னார்கள். முதிய வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவ்வறிஞர் அடிக்கப்பட்டார். அவருடைய கிதாபுகள் முழுவதும் எடுத்துச் செல்லப்பட்டுத் தனியிடத்தில் பூட்டி வைக்கப்பட்டன. அவ்விடத்துக்கு அல்-கிந்திய்யா என்றே பெயராயிற்றாம்.

ஒரு வியாபாரியின் கடையைப் பூட்டினால் எப்படியோ, அப்படித்தான் ஓர் ஆலிமின் கிதாபுகளைப் பூட்டுவதும். அவை மீண்டு வந்த வரலாற்றை இப்னு அபீ உஸைபிஆ என்னும் சரித்திராசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

முதவக்கில் கலீபா ஜஃபரீ என்ற கால்வாயை வெட்டும் பொறுப்பைப் பனூ மூஸாவிடம் கொடுத்தார். அவர்கள் அதை அஹ்மது பர்கானீ என்னும் வான சாஸ்திரியிடம் ஒப்படைத்தனர். பர்கானீயின் கணக்கில் பிழை நேர்ந்தது. கால்வாயின் வாய் மற்றப் பகுதியைவிட ஆழமாக வெட்டப்பட்டுவிட்டது. வாயில் நிற்கும் தண்ணீர் உள்ளே ஓடாது. செய்தி கலீபாவின் காதுக்கு எட்டியது. உண்மையானால் சகோதரர் இருவரையும் அக்கால்வாய்க் கரையிலேயே கழுவில் ஏற்றுவதாக ஆணையிட்டு, ஆராய்ந்து சொல்லும்படி ஸனத் இப்னு அலீ என்ற அறிஞரை வரவழைத்தார்.

சகோதரர்கள் ஸனதின் காலில் விழாக் குறையாகக் கெஞ்சினார்கள். ஸனதுக்கும் அல்-கிந்திக்கும் நட்பு இல்லை, பகையே இருந்தது. ஆயினும், பகை வேறு நியாயம் வேறு என்றும், ஒருவருடைய கிதாபுகளைப் பறித்தது அநியாயம் என்றும், அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்வரை தாம் அவர்களுக்காக ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை என்றும் ஸனத் கூறிவிட்டார். உடனே கிதாபுகள் யாவும் சுமந்து செல்லப்பட்டன. வெறும் வாய்ச்சொல் போதாதென்று, கடைசி ஏடு வரை பெற்றுக்கொண்டேன் என அல்-கிந்தி தம் கையாலேயே எழுதிய சீட்டும் கொண்டுவரப்பட்டது. அதன் பின்னரே ஸனத் அவர்களைக் காக்க முன்வந்தார். தஜ்லா நதியில் அப்போது வெள்ளம். நான்கு மாதங்களுக்குப் பிழை தெரியாது. கால்வாயில் குறையில்லையென்று அவர் கலீபாவிடம் சொல்லிவிட்டார். வெள்ளம் வடியுமுன், 861ல், முதவக்கில் கொலையுண்டார்.

கலீபாவிடம் ஸனத் சொன்னது மெய்யன்று. அதை நாம் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் பகைவனின் உடைமையும் அமானிதமே என்று அவர் நின்றாரே, அது நம் சங்கங்களிலும் ஜமாஅத்துகளிலும் அடிக்கடி நினைக்க வேண்டிய விஷயம். மற்றொன்று, கையெழுத்துச் சீட்டு. பொருள் உரியவரிடம்தான் சேர்ந்தது என்பதற்கு உரியவரின் கையெழுத்தே அத்தாட்சி. இதைப் பின்னால் மறுபடியும் காண்போம்.

கவலையைப் போக்கும் உபாயம் என்று அல்-கிந்தி ஒரு நூல் எழுதியிருக்கிறார். கப்பல் ஒன்று வழியில் கரை பிடிக்கிறது. இறங்கியவர்களில் சிலர் கல்லையும் பூவையும் வாரிக்கொண்டு வந்து, திரும்பியபோது உட்கார இடமின்றி நெருக்கடிப்பட்டனர் என்று ஓர் உவமை அதில் வருகிறது. அழியும் பொருளில் மனத்தைக் கட்டி வைத்தால் கவலை தீராது என்பது கருத்து. உயிரினும் மேலான கிதாபுகளையே இழந்து பெற்றவர் அவர் என்பதை நினைத்து அதைப் படித்தால் அதன் கனம் விளங்கும்.

சுமார் 873ஆம் ஆண்டில் பக்தாதில் அவர் வபாத்தானார். அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை அழிந்தன. சங்கேதம் பற்றிய சிறு நூல் இஸ்தான்புல் நகரத்து ஸுலைமானிய்யா நூலகத்தில் ஏட்டுப் பிரதியாக உறங்கிக்கொண்டிருந்தது. 1987ல்தான் டமாஸ்கஸ் அரபு மொழிக் கழகம் அதைப் பதிப்பித்து வெளியிட்டது. 1,100 ஆண்டுகள் கழித்து உலகம் உண்மையை அறிந்துகொண்டது.

சாவியைச் சேர்ப்பிக்கும் சங்கடம்

அல்-கிந்தியின் வழி வெளிப்பட்ட பின், சங்கேதம் எழுதுவோர் எண்ணிக்கைக்கு அகப்படாத முறைகளைத் தேடினார்கள். ஒரே எழுத்துக்குப் பல குறிகள், வரிக்கு வரி மாறும் குறிகள் என்று பூட்டு வலுவடைந்துகொண்டே வந்தது. 1883ல் கெர்க்கோப்ஸ் என்ற அறிஞர் ஒரு விதியை வகுத்தார். முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் கெடுதல் நேரக்கூடாது. சாவி ஒன்றே இரகசியமாயிருந்தால் போதும் என்பது அவ்விதி. இன்றும் உலகம் முழுவதும் இதுவே சட்டம். பூட்டின் படத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். சாவி இல்லாமல் திறக்க முடிவதில்லை.

ஆனால் சாவியை அடுத்தவரிடம் எப்படிச் சேர்ப்பது? நம்பிக்கையான ஆள் மூலம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஆள் பிடிபட்டாலோ விலை போனாலோ எல்லாம் போயிற்று. மேலும் பத்துப் பேர் ஒருவருக்கொருவர் தனித்தனியே இரகசியம் பேச 45 சாவிகள் வேண்டும். நூறு பேரென்றால் 4,950. கோடிக்கணக்கானோர் பேசும் இக்காலத்தில் எத்தனை ஆளை அனுப்புவது?

1976ல் அமெரிக்காவில் விட்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் இதற்கு வழி கூறினர். ஊரார் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே இருவர் ஓர் இரகசியச் சாவியை ஏற்படுத்திக்கொள்ளலாம் என்றனர். கேட்டால் கண்கட்டு வித்தை போலிருக்கும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

கோலாலம்பூரில் ஒரு வியாபாரி, பினாங்கில் ஒரு வியாபாரி. 3 என்ற எண்ணையும் 17 என்ற எண்ணையும் எல்லாருமறியப் பேசிக்கொள்கிறார்கள். கோலாலம்பூர்க்காரர் மனத்துக்குள் 6 என்று நினைக்கிறார். 3ஐ ஆறு முறை வைத்துப் பெருக்கினால் 729. 17ஆல் வகுத்தால் மிச்சம் 15. அந்த 15ஐ மட்டும் அனுப்புகிறார். பினாங்குக்காரர் 7 என்று நினைக்கிறார், 3ஐ ஏழு முறை பெருக்கினால் 2,187, மிச்சம் 11. அவர் 11ஐ அனுப்புகிறார். இனி கோலாலம்பூர்க்காரர் தமக்கு வந்த 11ஐத் தம் 6 முறை பெருக்கி 17ஆல் வகுக்கிறார், மிச்சம் 8. பினாங்குக்காரர் தமக்கு வந்த 15ஐத் தம் 7 முறை பெருக்கி 17ஆல் வகுக்கிறார். அவருக்கும் மிச்சம் 8. அந்த 8தான் சாவி! அதை யாரும் அனுப்பவே இல்லை. இடையில் ஒட்டுக்கேட்டவருக்குக் கிடைத்தவை 3, 17, 15, 11 ஆகியவையே.

சிறிய எண்ணாதலால் ஒட்டுக்கேட்டவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே உண்மையில் 600க்கு மேற்பட்ட இலக்கங்களுள்ள எண்களை வைக்கிறார்கள். பெருக்கி மிச்சம் காண்பது இயந்திரத்துக்கு எளிது. மிச்சத்திலிருந்து மனத்தில் நினைத்த எண்ணுக்குத் திரும்பி வருவதோ இன்றைய இயந்திரங்களால் ஆகாத காரியம்.

1977ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் வேறொரு வழியை அமைத்தனர். திறந்த பூட்டுகளை ஊரெங்கும் அனுப்பிவிட்டுச் சாவியை மட்டும் கல்லாவில் வைத்துக்கொள்வதைப் போன்றது அது. யார் வேண்டுமானாலும் பெட்டியில் பொருளை வைத்து அப்பூட்டை அழுத்திப் பூட்டி அனுப்பலாம். திறப்பவர் சாவிக்காரர் ஒருவரே. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாமே இருமுனைகளிலுமுள்ளவர் மட்டும் படிக்கும்படி பூட்டப்பட்டுச் செல்கின்றன. அதில் சாவி ஏற்படுத்துவது டிபி, ஹெல்மன் இருவரும் காட்டிய வழியைச் சார்ந்ததே.

இன்னும் ஒரு சங்கடம் உண்டு. வந்த 11 பினாங்கு நண்பர் அனுப்பியதுதானா, அல்லது இடையில் நிற்கும் ஒருவன் தன் எண்ணை மாற்றி அனுப்பிவிட்டானா? பூட்டு நண்பருடையதா, கள்வனுடையதா? இதற்காகவே கையெழுத்துக்கு ஒப்பான கணித முத்திரை ஏற்பட்டது. உலகம் நம்பும் சில நிறுவனங்கள், இந்தப் பூட்டு இன்ன முகவரிக்குரியது என்று முத்திரையிட்டுத் தருகின்றன. அன்று பனூ மூஸாவிடம் வந்த கையெழுத்துச் சீட்டு செய்த வேலையை இன்று இம்முத்திரை செய்கிறது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. முகவரி இன்னாருடையது என்றுதான் முத்திரை சொல்லும். அவர் நாணயமானவர் என்று சொல்லாது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிக்கடை விரித்தவனும் தன் முகவரிக்கு முத்திரை வாங்கிவிடலாம். ஆதலால் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

நமக்குள்ள படிப்பினை

இக்காலத்து மோசடிக்காரர்கள் பூட்டை உடைப்பதில்லை. அது அவர்களால் ஆகாது. அல்-கிந்தி எழுத்துகளின் வழக்கத்தை எண்ணியதுபோல் அவர்கள் நம்முடைய வழக்கத்தை எண்ணுகிறார்கள். நம்மில் பலர் பிறந்த தேதியையும் பிள்ளை பெயரையுமே கடவுச்சொல்லாக வைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரே சாவியைப் பத்துக் கதவுக்கு வைப்பதும் தெரியும். போலீஸ் என்றும் வங்கி என்றும் அதிகாரக் குரலில் பேசினால் நாம் பதறிப் போவோம் என்பதும் தெரியும். பதறியவரிடம், தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லும்படி கேட்கிறார்கள். அந்த எண்தான் சாவி! 600 இலக்கப் பூட்டைப் போட்டுவிட்டு, ஆறு இலக்கச் சாவியை வாசலில் நின்றவனிடம் நாமே எடுத்துக் கொடுத்தால், உலகத்துக் கணித மேதைகள் அனைவரும் கூடினாலும் காப்பாற்ற முடியுமா? ஹஜ்ஜுக்கென்றும் மகளின் நிக்காஹ்வுக்கென்றும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு நாழிகையில் போய்விடுகிறது.

எனவே சகோதரர்களே, சாவி ஓர் அமானிதம். ஜமாஅத்துப் பெட்டியின் சாவியை நம்பிக்கையில்லாதவரிடம் கொடுப்போமா? அப்படியே கடவுச்சொல்லையும், தொலைபேசிக்கு வரும் எண்ணையும் கருத வேண்டும். கேட்பவர் யாராயினும் கொடுக்கலாகாது. உண்மையான வங்கி அதைத் தொலைபேசியில் கேட்காது. சந்தேகம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும். வீட்டிலுள்ள முதியோருக்கும் பெண்மக்களுக்கும் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஏமாந்தவர்களைப் பரிகசிக்கலாகாது; வெட்கப்பட்டு அவர்கள் மறைத்தால் அடுத்தவர் ஏமாறுவார்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரபு எழுத்தை ஓதக் கற்ற சமூகத்தில் பிறந்த ஒருவர், அவ்வெழுத்துகளை எண்ணியே உலகத்துக்கு ஒரு கலையைக் கொடுத்தார். மதரஸாக் கல்வியும் கணிதக் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? மேலே கண்ட கணக்கை வேறு எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கும்படி அவர்களிடம் கொடுங்கள்.

வல்ல நாயன் அல்லாஹ் பேரறிஞர் அல்-கிந்தி அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நமக்குப் பயனுள்ள கல்வியையும், அமானிதத்தைக் காக்கும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.